ரஸ்ஸல் கட்சி

காஜா மைதீனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனது கப்பலில் அல்ல, கரையில்தான். கல்யாணத்துக்கு முந்தியே சரக்குக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்து, உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் பார்த்துவிட்டு, எந்தப் புயலிலும் ஒரு கீறல் படாமல் திரும்பி வந்துகொண்டிருந்த மனிதர். எண்பத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் லீவுக்குப் பழவேற்காடு வந்திருந்தார். ஒரு நாள் காலையில் கிணற்றடியில் வாய் கொப்பளித்துக்கொண்டு நின்றவர் கையிலிருந்த செம்பைத் தவறவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் நிமிரவில்லை. அடுப்படியிலிருந்து அக்தர் பேகம் ஓடி வந்து பார்த்தபோது ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்து ஏதோ சொன்னார். அது எந்தப் பாஷையிலும் சேரவில்லை.

பொன்னேரியிலும் பிறகு மெட்ராஸிலும் வைத்துப் பார்த்தார்கள். மீலாது பிறைக்கு முன்னால் நடந்துவிடுவார் என்று ஒருத்தர் சொன்னார். பிறை வந்தது, போனது. கடைசியில் பொன்னேரி டாக்டர்தான் உள்ளதை உள்ளபடி சொன்னார். "வலது கையும் காலும் பழையபடி வராதும்மா. பேச்சு வரலாம். ஆனா அவரை விடாம பேச வைக்கணும். சும்மா படுக்க விட்டுட்டீங்கன்னா நாக்கு அதுக்கும் பழகிடும்."

பேச வைப்பது எப்படி என்று டாக்டர் சொல்லவில்லை. அக்தர் பேகம் தனக்குத் தெரிந்த வழியிலெல்லாம் முயன்றாள். "கஞ்சியா, இட்லியா?" என்று கேட்டால் அவர் கண்ணால் இட்லிப் பானையைக் காட்டுவார். நெல்லூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்த ஒரே மகள் பரீதா வந்து பத்து நாள் இருந்து, "அத்தா, எம்பேரைச் சொல்லுங்க, எம்பேரு இன்னா?" என்று மன்றாடிப் பார்த்தாள். அவர் கண்ணில் நீர் வழிந்ததே தவிர வாய் திறக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். துவா செய்தார்கள். "எப்படி இருக்கீங்க மைதீன் பாய்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். அந்தக் கேள்வி வந்தவுடன் அவர் கண்ணை மூடிக்கொள்வார். எப்படி இருக்கிறார் என்பது கேட்டவர்களுக்கே தெரியும், அதற்கு ஒரு பதில் வேறா என்பது போல இருக்கும்.

அதற்குப் பிறகுதான் சந்தியாகு வந்தார்.

சந்தியாகு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். ஏரிக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்தில் மனைவி சூசையம்மாளோடு குடியிருந்தார். தினமும் தோணியில் வந்து தோணியில் போகிறவர். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு சவுக்குக் கம்பத்தை நட்டு, கொல்லனிடம் இரும்பு வளையம் அடித்து வாங்கிக் கட்டி, கூடைப்பந்து என்ற ஒன்றைப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தது அவர்தான். அந்தக் கம்பத்துக்குக் கீழேதான் இரண்டு பேரும் சிநேகமானார்கள். கப்பலிலிருந்து இறங்கி வந்த காஜா மைதீன் ஒரு நாள் மைதானத்து ஓரம் நின்று பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இந்த ஆட்டத்துல சம்பளம் வாங்கிகினு ஆடுறவனுங்க ஆட்டத்தை நான் நேரா பார்த்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது பேச்சு.

அமெரிக்காவில் பெரிய ஏரிக்கரை ஊர் ஒன்று, மில்வாக்கி என்று பேர். எழுபத்தொன்றாம் வருஷம் குளிர் தொடங்கும் நேரத்தில் காஜா மைதீனின் கப்பல் அங்கே நின்றது. மாலுமிகள் சங்கத்துப் பாதிரியார் இலவசமாகக் கொடுத்த டிக்கெட்டில் உள்ளே போய் உட்கார்ந்தார். ஆட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஊர்பட்ட வெள்ளைக்காரர்கள் நிறைந்த அந்தக் கொட்டகையில் மைக்கில் ஒரு பேரைக் கூப்பிட்டார்கள். கரீம் அப்துல் ஜப்பார். பழவேற்காட்டுப் பள்ளிவாசல் தெருவில் நின்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கக்கூடிய பேர். பனைமர உயரத்தில் ஒரு கறுப்பு மனிதன் எழுந்து வந்தான். அந்த ஒரு கணத்தில் காஜா மைதீன் கரீம் கட்சி ஆகிவிட்டார்.

சந்தியாகு எதையும் நேரில் பார்த்தவரல்ல. மெட்ராஸில் பயிற்சிக்குப் படித்த காலத்தில் அமெரிக்கன் லைப்ரரியில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டவர். அவர் ரஸ்ஸல் கட்சி. பாஸ்டன் என்ற ஊருக்காக ஆடிய பில் ரஸ்ஸல். பதின்மூன்று வருஷம் ஆடி, பதினோரு வருஷம் கோப்பையை வாங்கிக் கொடுத்த மனிதர். தான் பந்து போடுவதைவிட எதிராளியைப் போட விடாமல் தடுப்பதுதான் பெரிது என்று நினைத்தவர். டிரில் மாஸ்டருக்குப் பிடிக்காமல் இருக்குமா?

எல்லாக் காலத்திலும் ஆடியவர்களில் முதல் இடம் யாருக்கு, இரண்டாவது யார், மூன்றாவது யார் என்று பத்து வரைக்கும் வரிசை போடுவது இவர்கள் வேலை. ஒரே ஆட்டத்தில் நூறு பாயிண்டு போட்ட சேம்பர்லினை எங்கே வைப்பது? கரீமோடு சேர்ந்து ஆடிய ஆஸ்கார் ராபர்ட்சனை நாலில் வைப்பதா, ஐந்தில் வைப்பதா? ரஸ்ஸலோடு சேர்ந்து ஆடிய கூஸிக்கு எத்தனாவது இடம்? லீவில் வரும்போதெல்லாம் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கும். காஜா மைதீன் வலது கையைத் தலைக்கு மேலே நீட்டி, மணிக்கட்டை மடக்கி, கரீம் பந்தைக் கூடைக்குள் போடும் விதத்தைச் செய்து காட்டுவார். "இப்புடி போட்டா எவன் தடுப்பான்? ஒன் ரஸ்ஸல் ஏணி வெச்சு ஏறி வருவானா?" என்பார். சந்தியாகு சிரிக்க மாட்டார். "கோப்பை எத்தினி பாய்? அதைச் சொல்லு" என்பார்.

அக்தர் பேகம் இதையெல்லாம் அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவள். வருஷத்தில் முக்கால்வாசி புருஷன் கடலில். வந்து இருக்கும் மூன்று மாதத்தில் பாதி இந்தப் பேர்களுக்குப் போய்விடும். பந்து போடுவதற்குச் சம்பளமா என்று முதலில் வியந்தாள். பிறகு எரிச்சல் பட்டாள். பிறகு அதுவும் பழகிவிட்டது. உப்புக் காற்று போல அந்தப் பேர்கள் வீட்டுச் சாமான்களில் படிந்துவிட்டன. பேகம் என்று கூப்பிட்ட நேரத்தைவிட பேலர் என்று அவர் கூப்பிட்ட நேரம் அதிகம் என்று பரீதாவிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள். பேலரும் ஒரு ஆட்டக்காரன்தான்.

அப்படிப்பட்ட சந்தியாகு ஒரு சாயங்காலம் வந்து, கட்டில் பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. செருப்பை உதறிவிட்டு, "பாய், நேத்தெல்லாம் யோசனை பண்ணிப் பார்த்தேன். ஒன் ஆளுக்கு மூணாவது எடம்தான். ரெண்டாவதுகூட குடுக்க முடியாது" என்றார்.

காஜா மைதீன் கண்ணைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கோணிய வாய் இரண்டு மூன்று தரம் திறந்து மூடியது.

"போ... டா" என்றார்.

அக்தர் பேகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் சந்தியாகு வந்துவிடுவார். தோணிக்கு நேரமாகும் வரை சண்டை. சேம்பர்லின் என்று சொல்ல காஜா மைதீனின் நாக்கு ஒத்துழைக்காது. 'சேம்பு' என்று நின்றுவிடும். "சேம்பா? சேம்பு குழம்பு வெப்பாங்க, அதுவா?" என்று சந்தியாகு வேண்டுமென்றே சீண்டுவார். அவர் வெறி பிடித்தவர் போல மறுபடி மறுபடி முயல்வார். எச்சில் வழியும். அக்தர் பேகம் துண்டால் துடைப்பாள். துடைக்கிற கையைத் தட்டிவிட்டு அவர் பேரை முழுசாகச் சொல்லி முடிப்பார். தை மாதத்துக்குள் வாக்கியம் வந்துவிட்டது. மெதுவாக, கல்லில் தடுக்கித் தடுக்கி, ஆனாலும் வாக்கியம்.

அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது. காலையில் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றி, தோளில் சாய்த்து உட்கார வைப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும். நல்ல ஆகிருதியான மனிதர். கப்பல் சாப்பாட்டு உடம்பு. பிறகு தண்ணீர் இழுக்க வேண்டும், மாவு அரைக்க வேண்டும், அவருக்கு ஊட்ட வேண்டும். ராஜம்மா கூடையோடு வாசலில் வந்து நின்று, "இறால் வேணுமா பேகம்?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூட அலுப்பாக இருக்கும். ராஜம்மா ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கிறவள். அவளும் அலுத்துத்தான் வருவாள். இரண்டு பேரும் வாசலில் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அவரவர் வேலைக்கு எழுந்து போவார்கள்.

மாசியில் சூசையம்மாளுக்கு இருமல் தொடங்கியது. சளியில் ரத்தம் வந்தது. காசநோய் என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். சந்தியாகு வருவது குறைந்தது. வரும் நாட்களிலும் பாதிப் பேச்சில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மனைவிக்குச் சமைத்துப் போட்டு, மாத்திரை விழுங்க வைத்து, பள்ளிக்கூடம் வந்து விசிலூதிவிட்டு, அதற்கு மேல் இங்கே வந்து சண்டை போட வேண்டியிருந்தது அந்த மனிதருக்கு.

ஏப்ரல் மாதம், வெயில் ஏறிவிட்ட ஒரு சனிக்கிழமை, பேப்பரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். விளையாட்டுப் பக்கத்து மூலையில் நாலே வரிச் செய்தி. கரீம் அப்துல் ஜப்பார் சேம்பர்லினின் மொத்தப் பாயிண்டைத் தாண்டிவிட்டார். இந்த ஆட்டம் தோன்றியதிலிருந்து சம்பளத்துக்கு ஆடியவர்களில் அவரைவிட அதிகம் போட்டவர் யாருமில்லை.

சந்தியாகு அதை நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்துவிட்டு பேப்பரைக் கட்டிலில் வைத்தார்.

"ஜெயிச்சுட்ட பாய்" என்றார். "மொத எடம் ஒன் ஆளுக்குத்தான். நான் ஒத்துக்கறேன். ரஸ்ஸல் ரெண்டு."

அக்தர் பேகம் அப்போது தண்ணீர் கொண்டுவந்து நின்றாள். புருஷனின் முகம் மலரும் என்று பார்த்தாள். மலரவில்லை. அவர் சந்தியாகுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றார்.

"ஏன்னா? அதான் பேப்பர்லயே போட்டுட்டானே. எல்லாரையும் தாண்டிட்டாரே."

"பாயிண்டு... கணக்கில்லன்னு... சொல்வியே."

"சொன்னேன். இப்போ ஒத்துக்கறேன்னு சொல்றேன் பாய். வுடு."

"கோப்பை... எத்தினி... கேப்பியே."

சந்தியாகு முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "எல்லாம் சரி பாய். நீ சொல்றதுதான் சரி. இனிமே இதுல சண்டை வேணாம்."

காஜா மைதீன் இடது கையால் பேப்பரைத் தள்ளினார். அது தரையில் விழுந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சந்தியாகு முக்காலியிலிருந்து எழுந்து, "வரேன் தங்கச்சி" என்று சொல்லிப் போனார்.

பரிதாபப்பட்டுக் கொடுத்த முதல் இடம் அது. அது அக்தர் பேகத்துக்கு அன்றைக்குப் புரியவில்லை. அடுத்த நாள் கஞ்சி ஊட்டும்போது புரிந்தது. இரண்டு கரண்டிக்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. வாத்தியார் வருவாரா என்று அவள் கேட்டதற்கு, "அவனுக்கு... நான்... செத்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. சந்தியாகு இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். மூன்றாவது முறை சந்தியாகு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் கோடை லீவு விட்டுவிட்டது.

வாரக்கணக்கில் இப்படி ஓடியது. பொன்னேரி டாக்டர் சொன்ன வார்த்தை அவள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்கு மேல், ராஜம்மாவை வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைச் சுற்றிக்கொண்டு துறைக்குப் போனாள். துளசிங்கம் தோணியில் இரண்டு பெண்கள் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கச்சான் காற்று சேற்று வாடையை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அறைந்தது. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே துளசிங்கம், "பாய்க்கு எப்படி இருக்குது?" என்று கேட்டான். அவள், "இருக்காரு" என்றாள்.

குப்பத்தில் சந்தியாகு வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டி ஏதோ காய்ச்சிக்கொண்டிருந்தார். டிரில் மாஸ்டரின் விறைப்பெல்லாம் போய், தோள் சரிந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே சூசையம்மாளின் இருமல் கேட்டது.

"வா தங்கச்சி. கிட்ட வராத. இருமல் ஒட்டிக்கும். காத்து வூட்டுப் பக்கம்தான் போவுது, அங்கயே ஒக்காரு."

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தாள். சூசையம்மாளைப் பற்றிக் கேட்டாள். ஊசி போட்ட இடமெல்லாம் கட்டிக்கொண்டது, மாத்திரையைக் கண்டாலே வாந்தி எடுக்கிறாள் என்றார்.

"அண்ணே, நீங்க வந்து அவருகூட சண்டை போடணும்" என்றாள் அவள்.

"நான்தான் ஒத்துக்கினேனே தங்கச்சி. அவன் சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டேனே. அதுக்கு மேல ஒர்த்தன் இன்னா செய்வான்?"

"அதுதான் அவருக்கு ஆவல. நீங்க மனசாரச் சொல்லல."

சந்தியாகு சுள்ளியை உள்ளே தள்ளினார். "மனசாரச் சொல்லலதான். ரஸ்ஸலுக்கு மேல எவனும் கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனா என்னால முடியல. காலைல எழுந்தா இவகூட மல்லுக்கு நிக்கறேன், முழுங்கு முழுங்குன்னு. எம்மேல துப்புறா. அங்க வந்தா அவன்கூட மல்லுக்கு நிக்கணும். அன்னைக்கு அந்த பேப்பரைப் பார்த்ததும், சரி, இதோட ஒண்ணு முடிஞ்சிதுன்னுதான் தோணிச்சு. பொய் சொல்லல. பாரத்தை இறக்கி வெச்ச மாதிரி இருந்திச்சு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்த வார்த்தை அப்படியே தன்னுடையது போல இருந்தது.

"இவ எழுந்து ஒக்காரட்டும். அப்பால வரேன்" என்றார்.

"சரிண்ணே."

அவள் எழுந்தாள். உள்ளேயிருந்து சூசையம்மாள், "யாரு, பேகம்மாவா? பாய்க்கு நான் வேண்டிக்கினேன்னு சொல்லு" என்றாள். குரல் நூல் போல இருந்தது. "நானும் உங்களுக்கு துவா செய்யறேன்" என்று சொல்லிவிட்டு அக்தர் பேகம் தோணிக்கு நடந்தாள். மணலில் கால் புதைந்து புதைந்து வந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாத களைப்பு மாதிரி ஒரு களைப்பு கிடையாது என்று அவளுக்குத் தோன்றியது. குற்றம் சொல்லவாவது ஆள் இருந்தால் அந்தக் கோபத்திலேயே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம்.

மறுநாள் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் முன்னால் உட்கார்ந்தாள். வாயருகே கரண்டியைக் கொண்டுபோனாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். மறுபடியும் நீட்டினாள். கஞ்சி தாடையில் வழிந்தது. துடைத்தாள். மூன்றாவது முறை நீட்டியபோது அவளுக்குள் ஏதோ அறுந்தது. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"வாத்தியாரு பொய்தான் சொன்னாரு" என்றாள். "ரஸ்ஸல்தான் மொத எடம். எனக்கே தெரியும்."

அவர் தலை மெல்லத் திரும்பியது. சிரிப்பதற்கு முன்னால் வருவது போல ஒரு இகழ்ச்சி அந்தக் கோணல் வாயில் வந்தது.

"ஒனக்கு... இன்னா... தெரியும்?"

"எத்தினி வருஷமா கேக்கறேன், எனக்கா தெரியாது? அவரு பன்னெண்டு கோப்பை வாங்கினவரு."

"பதினொண்ணு."

"பதினொண்ணுதான் இருக்கட்டும். ஒங்க ஆளு எத்தினி?"

அவர் முகத்தைச் சுளித்தார். அவள் விடவில்லை. "மூணு. மூணை வெச்சிகினு பதினொண்ணுகூட சண்டைக்கு வராரு. வெக்கமா இல்ல?"

"அவன்... ஒர்த்தனா... வாங்கினான்? கூட... கூஸி. கூட... நல்ல... ஆளுங்க."

"கூட நல்ல ஆளுங்க இருந்தாங்கன்னா, அவங்ககூட அவரும் இருந்தாரு. அதை நெனைச்சுப் பாருங்க." இதைச் சொல்லும்போது அவள் குரல் தானாக உயர்ந்தது. "ஒரே ஊருக்குத்தான் கடைசி வரைக்கும் ஆடினாரு. அதே ஆளுங்க, அதே ஊரு. கடைசியில அவரே வாத்தியாராவும் இருந்து ஜெயிச்சுக் குடுத்தாரு. ஒங்க ஆளு இன்னா செஞ்சாரு? அந்த ஏரிக்கரை ஊரு இன்னா கொறை வெச்சுது அவருக்கு? தலைல தூக்கி வெச்சிகினு ஆடுச்சே. நான் இங்க இருக்க மாட்டேன், வேற ஊருக்கு அனுப்புங்கன்னு கேட்டுட்டுப் போனவருதானே? நீங்கதானே சொன்னீங்க? அந்த ஊருக்காரங்க இன்னா ஆவாங்கன்னு ஒரு நிமிஷம் நெனைச்சாரா? போறவங்களுக்குப் புது ஊரு. இருக்கறவங்களுக்கு?"

அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். வெகு நேரம் அவளைப் பார்த்தார்.

"போவ... வேண்டி... இருந்திச்சு" என்றார்.

"யாருக்கு?"

"அவனுக்குந்தான்."

வெளியே மீன் கூவிக்கொண்டு போனவள் குரல் தெரு முனையில் தேய்ந்தது. அக்தர் பேகம் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தாள். அவர் திடீரென்று இடது கையைத் தூக்கினார். உயிருள்ள கை. தலைக்கு மேலே நீட்டி, மணிக்கட்டை மடக்கினார். பழக்கமில்லாத கை, கோணலாகத்தான் போனது. இறங்கிய வேகத்தில் கிண்ணத்தில் இடித்து, கஞ்சி அவள் மடியிலும் கட்டில் விரிப்பிலும் கொட்டியது.

"இதை... எவன்... தடுப்பான்?" என்றார். மூச்சிரைத்தது. "சொல்லு. ரஸ்ஸல்... தடுப்பானா?"

அவள் மடியைப் பார்த்தாள். விரிப்பைப் பார்த்தாள். இனி இதைத் துவைக்க வேண்டும், காயப்போட வேண்டும், வேறு கஞ்சி வைக்க வேண்டும்.

"தடுப்பாரு" என்றாள். "அதான் அவரு வேலையே."

"தடுக்க... மாட்டான்."

"தடுப்பாரு."

இரண்டாவது தடவை வைத்த கஞ்சியை அவர் முழுவதும் குடித்தார். குடித்துக்கொண்டே, கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில், சேம்பர்லினைக் கரீம் தாண்டியது எப்படி என்று சொல்ல முயன்றார். அவள், "முழுங்கிட்டுப் பேசுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு இது அவளுடைய அன்றாட வேலைகளில் ஒன்றானது. துடைப்பது, திருப்பிப் போடுவது, ஊட்டுவது, சண்டை போடுவது. சில நாள் அவளுக்கு வாய் திறக்கவே பிடிக்காது. அவர் கட்டிலிலிருந்து, "கூஸிக்கு... எத்தனாவது?" என்று ஆரம்பிப்பார். "எத்தனாவதோ. எனக்குத் தலை வலிக்குது" என்பாள். "தலை வலிச்சா... ரஸ்ஸல்... தோத்தான்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டு எவள் சும்மா இருப்பாள்? தப்புத் தப்பாகப் பேசுவாள். ஆட்டக்காரனின் ஊரை மாற்றிச் சொல்வாள். வேண்டுமென்றே அல்ல, அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவர் பொறுக்க மாட்டாமல் திருத்துவார். திருத்தத் திருத்த நாக்கு இளகியது. கை இளகவில்லை. கால் இளகவில்லை. கோபம் வந்தால் கிண்ணத்தைத் தட்டிவிடுவதும் நிற்கவில்லை. சில நாள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்வார். பரீதா பிறந்தபோது அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தார், தந்தி கிடைத்து ஒரு மூட்டை வெங்காயத்தின் மேல் உட்கார்ந்து அழுதாராம். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதைச் சொன்னதில்லை. அவள் போர்வையை இழுத்து விட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து சந்தியாகு வந்தார். சூசையம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம். சோறு இறங்குகிறதாம். இன்னும் பல மாதம் மாத்திரை உண்டு. அவர் முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தயங்கி நின்றார். உள்ளே அக்தர் பேகம், "ஆஸ்கார் ராபர்ட்சன் இல்லன்னா ஒங்க ஆளு அந்த மொத கோப்பையே வாங்கியிருக்க மாட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்ததும் அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். காஜா மைதீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பழைய கோபம் இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோவும் இருந்தது.

"ஒனக்கு எடம்... இல்ல வாத்தியாரே" என்றார். "ரஸ்ஸல் கட்சிக்கு... ஆளு போட்டாச்சு."

சந்தியாகு முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் பாய். ஒன் ஆளுக்கு ரெண்டாவதுகூட கிடையாது" என்றார்.

"மனசார... சொல்றியா?"

"மனசாரச் சொல்றேன்."

காஜா மைதீன் தலையணையில் சாய்ந்துகொண்டார். "சொல்லு. ஏன்னு... சொல்லு."

அக்தர் பேகம் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். இனி இவர் பார்த்துக்கொள்வார், சாயங்கால வேளையிலாவது ஒரு நாழிகை கண்ணை மூடலாம் என்று நினைத்தாள். சுவரில் முதுகைச் சாய்த்தாள். இந்தப் பக்கமிருந்து கேட்க அந்தச் சத்தம் பழையபடி இருந்தது. ஒரு குரல் மட்டும் மெதுவாக, விட்டு விட்டு.

"அக்தரு" என்று அந்தக் குரல் கூப்பிட்டது. "எங்க போற? இவன்... சரியா சொல்லல. நீ... அன்னைக்கு... சொன்னதைச் சொல்லு."

அவள் கண்ணைத் திறக்காமல் அப்படியே நின்றாள். மறுபடியும் கூப்பிட்டார்.

"அரிசி களைஞ்சு வெச்சுட்டு வரேன்" என்றாள். பானையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். என்ன சொன்னோம், எதைச் சொல்லச் சொல்கிறார் என்று யோசித்தபடியே அரிசியைக் களைந்தாள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை.